பிரதானம் என்றால் முக்கியமா, அளிப்பா?

கேள்வி:

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவில் ஒரு கல்லூரியில் ஆறு வருடமாகப் பொருளாதாரம் எடுக்கிறேன். எங்கள் பிள்ளைகளில் பாதிக்கு மேல் தமிழ் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேன்பதி, மீனாட்சிபுரம் பக்கம். பத்தாவது வரை தமிழ் மீடியம். இங்கே வந்தால் புத்தகம் இங்கிலீஷ், வகுப்பில் விளக்கம் மலையாளம். அசைன்மென்ட் கேட்டால் நெட்டிலிருந்து அப்படியே இறக்கிவிடுகிறார்கள். போன வாரம் பிரின்சிபால் கூப்பிட்டு, மாணவர்களின் படிப்புத் திறனை எப்படி வளர்ப்பது என்று எங்கள் 42 ஆசிரியர்களுக்கும் நான் ஒரு செஷன் எடுக்க வேண்டும் என்றார். 90 நிமிடம். சீனியர்கள் இப்போதே, ‘ஒரு வாக்கியம் நேராக எழுதத் தெரியாத பிள்ளைகளுக்கு என்ன ஸ்கில்? அது ஸ்கூலில் முடிந்திருக்க வேண்டிய வேலை’ என்கிறார்கள். பிபிடியில் என்னென்ன போடலாம்? இதற்கென்று தனியாக ஒரு வகுப்பு தொடங்கச் சொல்லலாமா? இன்னொன்று, ஸ்டாஃப் ரூமில் நான் ஒருத்திதான் தமிழ்க்காரி. எந்த மொழியில் பேசுவது என்பதிலேயே எனக்குத் தயக்கம் இருக்கிறது.

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

பிபிடி வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்நேரம் பாதி ஸ்லைடு தயாராகியிருக்கும் என்று தோன்றுகிறது. ‘நேர மேலாண்மை’, ‘குறிப்பெடுத்தல்’, ‘விமர்சன நோக்கு’ என்று தலைப்பு போட்டு நீங்கள் வாசிக்க வாசிக்க, 42 பேரும் விடைத்தாள் கட்டை மடியில் வைத்துத் திருத்திக்கொண்டிருப்பார்கள். நானும் அப்படித் திருத்தியவன்தான். மத்தியானச் செஷன் என்றால் பின்வரிசைக்கு அடிபிடி நடக்கும்.

வேறு என்ன செய்யலாம் என்று சொல்லும் முன் ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நானும் உங்கள் பாடம்தான். கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் இருந்தபோது, வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டித் தினமும் பஸ்ஸில் வந்து போகும் பெண் அவள். இன்டர்னலில் ஒரு பத்து மார்க் கேள்வி கேட்டிருந்தேன். வளைகுடாவிலிருந்து வரும் பணம் கேரளப் பொருளாதாரத்தில் உண்டாக்கிய தாக்கத்தை ‘கிரிட்டிக்கலி எக்ஸாமின்’ பண்ணச் சொல்லி. ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். நில விலை ஏறியது, கூலி ஏறியது, சம்பாதித்த காசெல்லாம் வீடு கட்டவும் நகைக்கும் போனது, தொழிற்சாலை எதுவும் வரவில்லை, குடும்பங்கள் பிரிந்து கிடக்கின்றன. எல்லாம் சரி, ஆனால் எல்லாமே கெட்டது. ‘ஒரு பக்கம் மட்டும் எழுதப்பட்டுள்ளது’ என்று ஓரத்தில் கிறுக்கி 4 மார்க் போட்டேன்.

தாளை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். “ஏம்மா, அந்தப் பணத்தால ஒரு நல்லதுகூட நடக்கலையா?” என்று தமிழில் கேட்டேன். ஐந்து நிமிடம் மூச்சு விடாமல் பேசினாள். தாய்மாமன் ஷார்ஜாவில் இருப்பது, அவர் அனுப்பிய பணத்தில் அக்கா நர்சிங் படித்தது, கடைத்தெருவில் வியாபாரம் ஏறியது, பேங்கில் டெபாசிட் கூடியது, கூடிய டெபாசிட்டை அதே ஊரில் கடனாகக் கொடுக்காமல் பேங்குகள் வெளியே கொண்டுபோவது. கடைசியில் சொன்னதை நான் வகுப்பில் நடத்தவே இல்லை.

“இதையெல்லாம் ஏன் எழுதல?”

“கிரிட்டிக்கலின்னு கேட்டிருந்தீங்களே சார். ஆஸ்பத்திரியில கிரிட்டிக்கல்னா உயிருக்கே ஆபத்துன்னுதானே அர்த்தம்? அதான் மோசமானத மட்டும் எழுதினேன்.”

அப்போது எனக்குப் பதினான்கு வருட சர்வீஸ். நான் போட்ட ஒவ்வொரு கேள்வித்தாளிலும் அந்த வார்த்தை இருந்திருக்கும். இரண்டு பக்கத்தையும் எடுத்து வைத்து, எது கனமானது என்று காரணத்தோடு ஒரு முடிவு சொல்ல வேண்டும், அதுதான் அந்த வார்த்தைக்குப் பொருள் என்று ஒரு நாளும் ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. எப்படியோ தெரிந்துகொண்டேன், தெரிந்துகொண்டதை மறந்தும்போனேன்.

தாளில் இருந்தது 4. வாயில் இருந்தது 8. இடையில் இருக்கிற அந்த 4 மார்க்தான் டீச்சர், உங்கள் பிரின்சிபால் ‘படிப்புத் திறன்’ என்கிற சங்கதி. அதில் இங்கிலீஷின் பங்கு கொஞ்சம்தான். என்ன கேட்கிறார்கள், எது பதிலாகக் கணக்காகும் என்பது பிடிபடாததே பெரும்பங்கு. உங்கள் சீனியர்கள் ‘வாக்கியம் எழுதத் தெரியவில்லை’ என்று சொல்வதை ஒரு முறை சோதித்துப் பாருங்கள். மோசமான ஒரு விடைத்தாளை எழுதிய பிள்ளையைக் கூப்பிட்டு, அதே கேள்வியைத் தமிழிலோ மலையாளத்திலோ வாயால் கேளுங்கள். வாயாலும் வரவில்லையென்றால் பாடம் தெரியவில்லை. வந்தால் வேறு ஏதோ தெரியவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

1998ல் மேரி லீ, பிரையன் ஸ்ட்ரீட் என்று இரண்டு பேர் பிரிட்டனில் பல்கலைக்கழக மாணவர்களின் எழுத்தையும் ஆசிரியர்களின் எதிர்பார்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ‘வாதம்’, ‘அமைப்பு’ என்று எல்லா ஆசிரியர்களும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள். ஆனால் வரலாற்றுக்காரர் ஒன்றை நினைக்கிறார், அறிவியல்காரர் இன்னொன்றை. நல்ல கட்டுரையைப் பார்த்தால் அடையாளம் தெரிகிறது, எது அதை நல்லதாக்குகிறது என்று விளக்கச் சொன்னால் தடுமாறுகிறார்கள். இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்ட ஊரிலேயே இந்தக் கதி. அதனால் நம் பிள்ளைகளை மட்டும் தனியாகக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

இப்போது உங்கள் 90 நிமிடத்துக்கு வருவோம்.

நான் நடத்துகிற முறையைச் சொல்கிறேன். தேவையான சாமான் ஜெராக்ஸ் தாளும் கரும்பலகையும்தான். உங்கள் சொந்த வகுப்பிலிருந்து ஒரு கேள்வி, அதற்கு ஒரு பிள்ளை எழுதிய சுமாரான பதில், பெயரையும் ரிஜிஸ்டர் நம்பரையும் மறைத்து 42 பிரதி எடுங்கள். உங்களுடையதாகவே இருக்கட்டும், வேறொருவர் கேள்வியை எடுத்தால் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதாகிவிடும். உள்ளே வந்து உட்கார்ந்தவுடன் பேச்சே இல்லாமல் எல்லோரையும் அதைத் திருத்தச் சொல்லுங்கள். பத்து நிமிடம். ‘இது என் சப்ஜெக்ட் இல்லையே’ என்பார்கள். பரவாயில்லை, பிள்ளைகளுக்கும் இன்னும் அது அவர்கள் சப்ஜெக்ட் ஆகவில்லை என்று சொல்லுங்கள். பிறகு மார்க்கைப் பலகையில் எழுதுங்கள்.

நான் நடத்திய ஒரு இடத்தில் ஒரே தாளுக்கு ஒருவர் 3, பக்கத்து நாற்காலிக்காரர் 8. இரண்டு பேரும் ஒரே டிபார்ட்மென்ட், ஒரே டிபன் பாக்ஸில் பங்கு போட்டுச் சாப்பிடுகிறவர்கள். அறையில் சிரிப்பு எழும். அந்தச் சிரிப்பு அடங்குமுன் ஒரு கேள்வியைப் போடுங்கள்: முழு மார்க் வாங்க இந்தப் பிள்ளை என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு நிபந்தனை. ‘நன்றாக’, ‘தெளிவாக’, ‘ஆழமாக’ என்ற மூன்று சொல்லும் தடை. என்ன செய்திருக்க வேண்டும் என்று செயலாகச் சொல்ல வேண்டும். முதல் வரியில் முடிவைச் சொல்லியிருக்க வேண்டும், இரண்டாம் பத்தியில் ஒரு எண் காட்டியிருக்க வேண்டும், எதிர்வாதம் ஒன்றாவது வந்திருக்க வேண்டும் என்கிற மாதிரி. பலகையில் ஏழெட்டு வரி சேரும்.

அப்புறம் இன்னொரு கேள்வி. இதையெல்லாம் நாம் எந்த வகுப்பில், எந்த நாளில் அவர்களுக்குச் சொன்னோம்?

அமைதியாகிவிடுவார்கள். அந்த அமைதியை நீங்கள் பேசிக் கெடுத்துவிடாதீர்கள். யாராவது ஒருவர், பெரும்பாலும் ரிட்டயர்டாகப் போகிற ஒரு சீனியர், தானே ஆரம்பிப்பார். மீதி நேரத்தில் ஒவ்வொருவரும் தம் அடுத்த அசைன்மென்ட் தலைப்பையோ இன்டர்னல் கேள்வியையோ எடுத்து, அதன் கீழே மூன்று வரி சேர்க்கட்டும்: இதில் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்தால் மார்க், எதைச் செய்தால் மார்க் இல்லை. கூடவே, அதைச் சொல்லிக்கொடுக்கத் தம் வகுப்பிலேயே ஒரு பதினைந்து நிமிடத்தைத் தேதியோடு குறித்துக்கொள்ள வேண்டும். தேதி போடாமல் யாரையும் வெளியே விடாதீர்கள்.

தனி வகுப்பு தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேரளத்தில் ஏற்கெனவே ஸ்காலர் சப்போர்ட் ப்ரோக்ராம் இருக்கிறது. பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கூடுதல் வகுப்பு. பாடத்தில் விட்டுப்போனதைப் பிடிக்க அது உதவும், இருக்கட்டும். ஆனால் கேள்வியைப் படிப்பது, வாதத்தை அடுக்குவது போன்றவற்றைப் பாடத்திலிருந்து கழற்றி நாலு மணிக்கு மேல் தனியாக நடத்தினால், வர வேண்டியவர்கள் வர மாட்டார்கள். நாலரை பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் இருட்டின பிறகு. தேவையே இல்லாத முதல் பெஞ்ச் பிள்ளைகள் ஏழு பேர் ஒழுங்காக வருவார்கள், சர்டிபிகேட்டும் வாங்கிக்கொள்வார்கள். அதுவும் போக, ‘கட்டுரை எழுதுவது எப்படி’ என்று பொதுவாகச் சொன்னால் ஒன்றும் ஒட்டாது. பொருளாதாரக் கட்டுரை வேறு, தாவரவியல் ரெக்கார்ட் வேறு. அந்தந்தப் பாடத்துக்காரர் அந்தந்த வகுப்பில்தான் சொல்ல முடியும்.

இனி மொழி. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் எல்லைக்கு வெளியே இருக்கிறவர்கள் எழுதிய எந்தக் கையேட்டிலும் இது இருக்காது.

உங்கள் பாடத்திலேயே பாருங்கள். டிமாண்ட், சப்ளை. தமிழ்ப் புத்தகத்தில் தேவை, அளிப்பு. மலையாளத்தில் சோதனம், பிரதானம். பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு வந்த பிள்ளை காதில் ‘பிரதானம்’ என்று விழுந்தால் என்ன நினைக்கும்? முக்கியம் என்று நினைக்கும். மலையாளத்திலும் முக்கியம் என்ற பொருளில் அதேபோல ஒரு சொல் உண்டு. ஒன்றுக்கு ‘த’, இன்னொன்றுக்கு மூச்சு அழுத்திய ‘த’. மலையாளக் காது பிரித்துக் கேட்கும், தமிழ்க் காதுக்கு இரண்டும் ஒன்று. சோதனம் என்றால் பரிசோதனை ஞாபகம் வரும். பொலிட்டிகல் சயன்ஸ் வகுப்பில் ‘மௌலிக அவகாசம்’ என்றால் அடிப்படை உரிமை. நம் பிள்ளை அவகாசம் என்றால் நேரம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ‘உபன்யாசம் எழுதுக’ என்றால் கட்டுரை எழுதச் சொல்கிறார்கள். நம் ஊரில் உபன்யாசம் கோயில் மண்டபத்தில் நடக்கும். முற்றிலும் தெரியாத சொல் என்றால் பிள்ளை கேட்டுவிடும். தெரிந்த மாதிரி இருக்கிற சொல்லைத்தான் கேட்காது. மலையாள சார்களுக்கு இது உறைப்பதே இல்லை, அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. ‘மனசிலாயோ?’ என்று கேட்டால் எல்லாத் தலையும் ஆடுகிறதே.

ஒவ்வொரு பிள்ளையும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் மூன்று கட்டம் போடட்டும். தமிழ், மலையாளம், இங்கிலீஷ். வாரத்துக்கு ஐந்து சொல் போதும். மலையாளப் பிள்ளைகளும் போடட்டும். தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று சொன்னால் இரண்டாம் வாரமே வெட்கப்பட்டு நிறுத்திவிடுவார்கள். முதலமடைப் பக்கமிருந்து எரவாளர் பழங்குடி வீட்டுப் பிள்ளை யாராவது உங்கள் வகுப்பில் இருந்தால் நாலாவது கட்டம் ஒன்றும் வேண்டியிருக்கும். வீட்டில் பேசுகிற பேச்சு பள்ளிக்கூடத் தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. அந்தப் பிள்ளையைத் ‘தமிழ் மீடியம்’ கணக்கில் சேர்த்துவிட்டு மறந்துவிடுகிறோம்.

குழுவாக உட்காரவைத்துப் பேசச் சொல்லும்போது எந்த மொழியிலும் பேசலாம் என்று சத்தமாக அறிவியுங்கள். அறிவிக்காவிட்டால் தமிழில் கிசுகிசுப்பார்கள், நீங்கள் பக்கத்தில் வந்ததும் நிறுத்துவார்கள். வெல்ஷும் இங்கிலீஷும் கலந்து புழங்குகிற வேல்ஸ் நாட்டுப் பள்ளிகளைப் பார்த்து, 1994ல் கென் வில்லியம்ஸ் என்ற கல்வியாளர் இதற்கு ஒரு பெயரே வைத்தார். ஒரு மொழியில் படித்து இன்னொரு மொழியில் சொல்லவைப்பது. இன்று டிரான்ஸ்லாங்குவேஜிங் என்று பெரிய துறையாக வளர்ந்திருக்கிறது. நம் கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் காய் விற்கிற அக்கா தினமும் செய்கிறதுதான். தேர்வையே உள்ளூர் மொழியில் எழுத அனுமதிக்கும்படி 2023 ஏப்ரலில் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் தாளில் நடைமுறை என்ன என்பதைத் தேர்வுப் பிரிவில் விசாரித்துக்கொள்ளுங்கள். வகுப்பில் பேசுவதற்கு யாருடைய ஆர்டரும் தேவையில்லை.

அசைன்மென்டை நெட்டிலிருந்து இறக்குவது பற்றி. ‘கேரளப் பொருளாதாரத்தின் சவால்கள்’ என்று தலைப்பு கொடுத்தால் இறக்கத்தான் செய்வார்கள். இப்போது சாட்ஜிபிடி வேறு இருக்கிறது, இரண்டு நிமிட வேலை. இறக்க முடியாத தலைப்பைக் கொடுங்கள். உங்கள் வாசலிலேயே ஒன்று கிடக்கிறது. தமிழ்நாடும் கேரளமும் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளப் போட்ட பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம். 1970ல் கையெழுத்தானது, 1958லிருந்து அமல் என்று கணக்கு. மணக்கடவில் வருடத்துக்கு 7.25 டிஎம்சி கேரளத்துக்கு, அதாவது உங்கள் சித்தூர் வயல்களுக்கு, விட வேண்டும். தண்ணீர் குறைகிற வருடங்களில் கோவைப் பதிப்புத் தமிழ் பேப்பரையும் பாலக்காட்டு மலையாளப் பேப்பரையும் ஒரே நாளில் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே ஆற்றைப் பற்றித்தான் எழுதுகிறார்களா என்று சந்தேகம் வரும். ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு மொழியிலும் ஒவ்வொரு செய்தி கொண்டுவரட்டும். இரண்டிலும் உள்ள எண்களைக் கட்டம் போட்டு எழுதட்டும். எந்த எண் ஒத்துப்போகிறது, எது இல்லை, ஒவ்வொரு எண்ணையும் யார் சொன்னதாகப் போட்டிருக்கிறது? பிறகு வீட்டில் தாத்தாவிடமோ பக்கத்துத் தோப்புக்காரரிடமோ அந்த வருடம் வாய்க்காலில் எத்தனை நாள் தண்ணீர் வந்தது என்று கேட்டு எழுதட்டும். ஆதாரத்தை எடைபோடுவது என்றால் என்ன என்று மூன்று ஸ்லைடில் விளக்குவதை விட இது சுளுவாக உள்ளே போகும். இரண்டு மொழி படிக்கத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இதில் மலையாளம் மட்டும் தெரிந்தவர்களை விட ஒரு கை கூடுதல். அந்த வகுப்பில் ஒரு நாளாவது அவர்கள் முன்னால் நிற்பார்கள். எனக்கு இதில் ஒரு சின்ன சந்தோஷம் உண்டு, மறைக்கவில்லை.

காப்பி அடிப்பதைப் பற்றி உங்கள் சகாக்களிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு வருடம் புத்தகத்தில் உள்ளதை ஒரு வார்த்தை மாறாமல் எழுதினால் நூற்றுக்கு நூறு. கல்லூரிக்கு வந்த ஜூன் மாதம் அதே காரியம் திருட்டாகிவிடுகிறது. நடுவில் சட்டம் மாறியதை யாரும் அறிவிக்கவில்லை. ‘10 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் யுஜிசி விடாது’ என்று டிகிரிப் பிள்ளைகளை மிரட்டுகிற சார்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். 2018ல் வந்த அந்த விதிமுறையில் 10, 40, 60 என்று படிப்படியாக இருக்கிற தண்டனைகள் முதுகலை, ஆராய்ச்சி மாணவர்களின் ஆய்வேட்டுக்கானவை. முதல் வருடப் பிள்ளையின் ஆறு பக்க அசைன்மென்டை அதில் மாட்ட முடியாது. மேற்கோள் காட்டுவது எப்படி என்று கற்றுத்தருவது நிறுவனத்தின் கடமை என்று அதே விதிமுறை சொல்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் யாரும் ஜெராக்ஸ் எடுப்பதில்லை. ஒரு பத்தியைக் கொடுத்து, புத்தகத்தை மூடிவிட்டு, தம்பிக்குச் சொல்கிற மாதிரி தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அதையே இங்கிலீஷில் எழுதச் சொல்லுங்கள். காப்பி அடிக்க அங்கே ஒன்றும் மிச்சமிருக்காது.

நினைவில் நிற்பது பற்றி ஒன்றே ஒன்று. வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது நோட்டை மூடச் சொல்லி, இன்று என்ன படித்தோம் என்று எந்த மொழியிலாவது எழுதவைக்கும்படி எல்லோரையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2006ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பத்தி கொடுத்தார்கள். ஒரு குழு இரண்டு முறை படித்தது. மற்றது ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்களே முன்னால்: அவர்களுக்கு 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ்: திரும்பப் படித்தவர்களுக்கு 42 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. நம் பிள்ளைகள் மார்க்கர் பேனாவால் நோட்டையே மஞ்சள் குளிப்பாட்டி, நாலு முறை வாசித்துவிட்டு ‘எல்லாம் தெரியும்’ என்று போவது அந்த ஐந்து நிமிடத் தெம்பில்தான். ஆசிரியருக்கு இதில் கூடுதல் வேலை கிடையாது, தாளைத் திருத்தவும் வேண்டாம். சந்தேகப்படுகிற சீனியர்களுக்கு நான் முதலில் கொடுக்கிற மருந்து இதுதான். அவர்களுக்கு ஐந்து நிமிடம் முன்பே பேச்சை நிறுத்தச் சம்மதமா என்பதுதான் பிரச்சினை.

சீனியர்களோடு வாதாடாதீர்கள். ஸ்கூலில் முடிந்திருக்க வேண்டிய வேலைதான், ஒத்துக்கொள்ளுங்கள். முடியவில்லை, பிள்ளை வந்து உட்கார்ந்தாயிற்று. கேரளத்தில் 2024லிருந்து நாலு வருட டிகிரி வந்துவிட்டது. மூன்று வருடத்தில் 133 கிரெடிட்டோடு இறங்கிக்கொள்ளலாம், நாலாவது வருடம் ஹானர்ஸ் போனால் 177. அந்த நாலாவது வருடத்துக்கு நம் பிள்ளைகள் போக வேண்டுமானால் முதல் செமஸ்டரிலேயே படிக்கவும் எழுதவும் பழக வேண்டும். ஒவ்வொரு தாளிலும் இன்டர்னல், அசைன்மென்ட், செமினார் என்று எழுத்துவேலை கூடிக்கொண்டே போகிறது. திருத்துகிறவர் யார்? அவர்கள்தான். அங்கே பிடியுங்கள்.

அறுபது தாள், தாளுக்கு எட்டு நிமிடம் என்றால் எட்டு மணி நேரம். ஓரத்தில் எழுதுகிற குறிப்பைப் பிள்ளை படிப்பதில்லை; மார்க்கைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடும். அதற்குப் பதில், திருத்தும்போதே எல்லோரும் செய்த மூன்று தவறுகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, நன்றாக வந்த ஒரு பத்தியைப் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதிப்போட்டு, வகுப்பு முழுக்க ஒரே தடவையாகப் பேசச் சொல்லுங்கள். தனித்தனித் தாளில் மார்க்கும் ஒரே ஒரு வரியும் போதும்: அடுத்த முறை இதைச் செய். இரண்டு மணி நேரமாவது மிச்சமாகும். வேலையைக் குறைக்கிற யோசனையை எந்த ஸ்டாஃப் ரூமும் எதிர்த்ததை நான் பார்த்ததில்லை.

42 பேரையும் மாற்றுகிற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். செஷன் முடிந்த பிறகு மூன்று பேர் வந்து பேசுவார்கள். அந்த மூன்று பேரோடு அந்த செமஸ்டர் முழுக்க இருங்கள். அவர்கள் வகுப்பில் போய்ப் பின்பெஞ்சில் உட்காருங்கள், அவர்களை உங்கள் வகுப்பில் உட்காரவையுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு காமர்ஸ் ஆசிரியர் இப்படி உட்கார்ந்த பிறகு ஒரு காரியம் செய்தார். ஒரு கட்டுரையின் முதல் பக்கத்தைத் திரையில் போட்டு, தான் எப்படிப் படிக்கிறாரோ அப்படியே வாய்விட்டுப் படித்துக் காட்டினார். “தலைப்பு. சரி. சுருக்கம். கடைசி வரியில முடிவு இருக்கு, அத முதல்ல பாக்கறேன். இந்தப் பத்தி பழைய கதை, தாண்டறேன். இந்த வார்த்தை எனக்குத் தெரியல, போகட்டும், இன்னொரு தடவை வந்தா பாத்துக்கலாம்.” வகுப்பு முடிந்ததும் ஒரு பையன் வந்து கேட்டானாம், “சாருக்கே தெரியாத வார்த்தை இருக்கா சார்? தாண்டிப் படிக்கலாமா?” மூன்று வருடமாக அவன் ஒவ்வொரு வரியிலும் டிக்‌ஷனரியைத் திறந்து, இரண்டாம் பக்கத்திலேயே தூங்கிப்போயிருக்கிறான்.

கடைசியாக, எந்த மொழியில் பேசுவது. மலையாளத்தில் பேசுங்கள். ஆறு வருடம் அங்கே இருக்கிறீர்கள், உங்கள் மலையாளத்தில் தமிழ் வாடை அடித்தால் அடிக்கட்டும்; மலையாளத்தின் தந்தை என்கிற எழுத்தச்சனின் குருமடம் இருக்கிற சித்தூரில் யாரும் அதற்காக மூக்கைப் பொத்திக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஒரு பத்து நிமிடம் மட்டும் தமிழ். அந்த விடைத்தாளை எழுதிய பிள்ளையிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு, அதே கேள்விக்கு அவள் வாயால் சொன்ன பதிலை போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். எல்லோரும் மார்க் போட்டு, பலகையில் எழுதி, சிரித்து முடித்த பிறகு அதைப் போட்டுக் காட்டுங்கள். மொழிபெயர்க்க வேண்டாம். புரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்கட்டும். முடிந்ததும் மறுபடி மார்க் போடச் சொல்லுங்கள்.

முதல் இன்டர்னலுக்கு முன்பாகவே தேதி வாங்கிவிடுங்கள். அதற்கு அப்புறம் ஓணம் வந்துவிடும், கணக்கே மாறிவிடும்.